வீட்டில் எத்தனை பேர்

கிங்ஸ்பரி
12.03.2007

அன்புள்ள நிர்மலா,

விசா இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பும் ஹோம் ஒபிஸுக்கு நான் ஆட்கணக்கு எடுத்துக் கொடுக்கிறேன் என்று ஒரு கதை உலவுகிறது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் எந்த ஒபிஸுக்கும் எதுவும் எடுத்துக் கொடுப்பதில்லை. கொலிஜில் சமூகவியல் படிக்கிறேன். செவ்வாயும் வியாழனும் காலையில் வகுப்பு. இதே கதையின் இன்னொரு வடிவத்தில் நான் இலங்கைத் தூதரகத்துக்கு வேலை செய்கிறேனாம். இரண்டு இடத்திலும் வேலை பார்க்க என் முழங்கால் இடம் கொடாது.

என்னவர், உம்முடைய அண்ணை, இறந்தபிறகு தனிமை தாங்காமல் படிக்கப் போனேன் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல. படிக்க விரும்பினேன், போனேன். எழுபத்தொரு வயதில் படிக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை.

சனிக்கிழமை தமிழ்க் கடைக்குப் போனேன். முருங்கைக்காய்ப் பெட்டியடியில் நின்ற பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒருத்தி, எனக்குக் கேட்கவேண்டும் என்றே, "வடிவாப் பாத்துக் கதையுங்கோ, கணக்கப்பிள்ளை வந்திட்டா" என்றாள். மற்றவள், "காலை மறையுங்கோ. சப்பாத்தை எண்ணிப்போடுவா" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சிரிப்பாக இல்லை. ஒருத்தி பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சப்பாத்து எண்ணிய சம்பவம் உங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்தது. ஆகவே கதை உங்கள் வீட்டிலிருந்துதான் போயிருக்க வேண்டும்.

நடந்ததை நான் நடந்தபடியே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தும். எங்களுக்குக் கொடுத்த பயிற்சி, 'குடும்பமும் வீடும்'. நாலைந்து வீடுகளுக்குப் போய் யார் யார் இருக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். மனிதர் சொல்வதை மட்டும் எழுதாமல் கண்ணால் காண்பதையும் எழுதவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு பூசை முடிய, ஹரோவுக்கு பஸ் எடுத்து உம்மிடம் வந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். நீர், உம்முடைய மனுசன் தவராசா, மகள் லக்‌ஷிகா, மூன்று பேர் என்றீர். வாசலில் நான்கு பேருடைய சப்பாத்துகள் இருந்தன. ஒரு சோடி, பெரிய கறுப்பு வேலைச் சப்பாத்து, தவராசாவின் காலுக்கு ஒருநாளும் அளவாகாதது.

"நிர்மலா, மூண்டு எண்டு எழுதினால் அது பிழை. நாலு எண்டு போடுறன். உண்மையான எண்ணிக்கைதான் போகவேணும்" என்றேன். நீர் தேநீரை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றீர். அறை ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறீர் போலும், அதை என்னிடம் சொல்ல வெட்கப்படுகிறீர் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நீர் என் ரெலிபோனை எடுப்பதில்லை. கோயிலில் என் வாங்கில் இப்போது நான் மட்டுமே இருக்கிறேன். வழமையாகப் பக்கத்தில் இருக்கும் டொலறஸ் கூட ஒரு வரிசை தள்ளிப் போய்விட்டா. நான் செய்த பிழை என்ன என்பதை எழுதிச் சொல்லும்.

அன்புடன்,
மேரிறோஸ்


ஹரோ
16.03.2007

மச்சாள்,

எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். ரெலிபோனில் சொல்லப் பயம். அதனால்தான் எடுக்கவில்லை.

அந்தச் சப்பாத்து பிரியந்தனுடையது. இவருடைய தமக்கை பாலாம்பிகை அக்காவின் மகன். அவன் கனடாவுக்குப் போய்விட்டான் என்று உங்களுக்குச் சொல்லியிருந்தோம். அவன் எங்கேயும் போகவில்லை. மூன்று வருடமாக எங்கள் மேல் அறையில் இருந்தான்.

அவனுடைய அகதி வழக்குத் தோற்றுவிட்டது. அதன் பிறகும் குரோய்டனிலுள்ள ஹோம் ஒபிஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒருநாள் அவனோடு வரிசையில் நின்ற பொடியனை உள்ளே கூப்பிட்டு மறித்துவிட்டார்கள். பிறகு திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியதுவரை தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பொடியனைப்பற்றித் தாய்க்கும் தெரியாது. அன்றோடு பிரியந்தன் கையெழுத்துக்குப் போவதை விட்டான். அவன் எங்களிடம் இருந்தது இந்த நாட்டில் இப்போது எங்கள் மூன்று பேருக்கும் வழக்கைப் பார்க்கும் சொலிசிற்றருக்கும் மட்டும்தான் தெரியும்.

நீங்கள் வந்த அன்று அவன் படிக்கட்டில் இருந்தான். உங்கள் குரலை அவனுக்குத் தெரியும். நீங்கள் நாலு என்று எழுதியதையும், உண்மையான எண்ணிக்கை போகவேண்டும் என்று சொன்னதையும் கேட்டிருக்கிறான். நீங்கள் போனபிறகு இறங்கி வந்தான். "மாமி ஏன் எழுதிக்கொண்டு போறா? ஆரிட்டைக் குடுக்கப் போறா?" என்று கேட்டான். கொலிஜில் கொடுக்க என்றேன். "கொலிஜுக்கு என்னத்துக்கு எங்கட வீட்டு ஆக்கள்?" என்றான். அதை நீங்கள்தான் சொல்லவேண்டும், மச்சாள்.

அடுத்த நாள் வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. போன் நிற்பாட்டிக் கிடக்கிறது. பொலிசுக்குப் போய்க் காணவில்லை என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை. காணாமல் போனவன் யார் என்றல்லவா முதலில் கேட்பார்கள்? ஞாயிறுதோறும் அக்கா வவுனியாவிலிருந்து ரெலிபோன் எடுக்கிறா. பிள்ளை குளிக்கிறான், பிள்ளை நித்திரை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுபோகிறது.

கதை எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. லக்‌ஷிகா ஆத்திரத்தில் சிநேகிதியிடம் சொல்லிவிட்டாள். அவனைப்பற்றிச் சொல்லவில்லை, சப்பாத்தைப்பற்றி மட்டும் சொன்னாள். மற்றதெல்லாம் சனம் தானாகச் சேர்த்தது.

ஏன் எனக்கு மறைத்தீர்கள் என்று கேட்பீர்கள். இவருடைய அறுபதாவது பிறந்தநாளில், கேக் வெட்டும் நேரம், எல்லார் முன்னாலும் என்ன சொன்னீர்கள்? "பாஸ்போட்டிலை அறுபது, தவராசா. உமக்கு அறுபத்திரண்டு." அதற்குப் பிறகு உங்களிடம் எதைச் சொல்வது? ஆனால் மறைத்தது எங்கள் யோசனை அல்ல. அண்ணைக்குப் பிரியந்தன் இங்கே இருப்பது தெரியும். சாகும்வரை சனிக்கிழமைகளில் வந்து அவனோடு சதுரங்கம் ஆடிவிட்டுப் போவார். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றவர் அவர்தான். "அவளிட்டைச் சொன்னால் அவள் பொய் சொல்ல வேண்டிவரும். அவளுக்கு அது ஏலாது" என்றார்.

அந்தத் தாள் இப்போது எங்கே? யார் யார் வாசித்தார்கள்?

நிர்மலா


கிங்ஸ்பரி
27.03.2007

அன்புள்ள நிர்மலா,

உம்முடைய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழிக்குமுன் பல தடவை வாசித்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

சனிக்கிழமைகளில் அவர் நூலகத்துக்குப் போவதாகச் சொல்வார். புத்தகம் இல்லாமல் திரும்பி வருவார். நல்லது ஒன்றும் கிடைக்கவில்லை என்பார். நாற்பத்தைந்து வருடம் நான் ஒரு மனிதரோடு வாழ்ந்தேன். அவர் என்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று இப்போது நம்ப விரும்புகிறேன். இதைப்பற்றி இனி நான் எழுதமாட்டேன்.

தாளைக் கேட்டீர். உள்ளதைச் சொல்கிறேன். அதில் உங்கள் முழுப்பெயர்கள், பிறந்த வருடம், வீட்டிலக்கம், தெரு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். நான்காவது வரியில் 'ஆண், பெயர் கூறப்படவில்லை' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன். பாதி விடை எழுதுவது அரைகுறை வேலை என்று கொன்வென்றில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். உமது கடிதம் கிடைத்த பின் வந்த வகுப்புக்கு நேரத்தோடு போய் ஆசிரியையிடம் அதைத் திருப்பிக் கேட்டேன். தாளைப் பார்த்ததும் அவவின் முகம் மாறிவிட்டது. பெயர் எழுதச் சொன்னது யார், முதல் வகுப்பிலேயே பெயர் வேண்டாம் என்று சொன்னேனே என்றா. சொல்லியிருக்கிறா. பெயரில்லாமல் எழுதுவதை நான் சோம்பேறித்தனம் என்று எண்ணிவிட்டேன். என் கண் முன்னாலேயே அதை இயந்திரத்தில் போட்டு நூல் நூலாக வெட்டினா.

ஆனால் அதற்கு முந்திய வாரம் நாங்கள் தாள்களை மாற்றி வாசித்திருந்தோம். வகுப்பில் இருவர் கையில் அது இருந்தது. அவர்கள் எதையும் கவனித்திருக்கமாட்டார்கள் என்று ஆசிரியை சொல்கிறா. அது அவவின் ஊகம்.

நான் அவனைத் தேடிப் போனேன். வெம்பிளியில் எங்கள் பிள்ளைகள் வேலை செய்யும் கடைகளுக்குப் போனேன். ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்ற பிள்ளையிடம், "தம்பி, வவுனியாப் பக்கத்துப் பிள்ளை ஒருவர், உயரம், பெயர்..." என்று தொடங்கினேன். பெயரைச் சொல்லி முடிக்கவில்லை. "எனக்கு ஒருத்தரையும் தெரியாது அன்ரி" என்றான். கல்லாவைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். அடுத்த நாள் திரும்பப் போனேன், அவனைப் பயப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்க. அவன் இல்லை. வேறொருவர் நின்றார். நேற்று நின்ற பிள்ளை எங்கே என்றேன். வேலையை விட்டுவிட்டாராம். எங்கே போனார் என்று தெரியாதாம்.

நிர்மலா, அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பா. அவவும் எங்கேயோ ரெலிபோனடியில் இருப்பா. நான் வாயைத் திறக்கும் இடமெல்லாம் ஒருவர் மறைந்து போகிறார்.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. பரீட்சைக்காக அதை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

இன்னொன்று. சில நாட்களாக என் ரெலிபோன் அடிக்கிறது. எடுத்தால் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. யார் என்று கண்டிப்பாகக் கேட்கிறேன், வைத்துவிடுகிறார்கள். மற்ற நாட்டுக்காரர் செய்யும் குறும்பாக இருக்கலாம். எங்கள் ஆட்கள் செய்யும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இருட்டியபின் யன்னல் திரையைத் திறப்பதில்லை. இதை நான் வேறொருவருக்கும் சொல்லவில்லை. எடுப்பது நீர் என்றால், தயவுசெய்து பேசும்.

மேரிறோஸ்


ஹரோ
30.03.2007

மச்சாள்,

எடுப்பது நான் இல்லை.

செவ்வாய்க்கிழமை கோட்டுப் போட்ட இரண்டு பேர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டேன். பிறகு பார்த்தால் யன்னல் விற்க வந்தவர்கள். அன்றைக்கே இவர் பிரியந்தனின் மெத்தையைத் தோட்டக் கொட்டிலுக்குள் போட்டு, உடுப்புகளைக் கறுப்புப் பைகளில் கட்டிவிட்டார். இவருடைய குடியுரிமை விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. "இந்த வீட்டிலை நாங்கள் மூண்டு பேர்தான். எப்பவும் மூண்டு பேர்தான்" என்று லக்‌ஷிகாவுக்கும் எனக்கும் சொல்லித் தந்தார். லக்‌ஷிகா அழுதுகொண்டு மேலே போய்விட்டாள்.

நல்ல செய்தி ஒன்று, அதையும் நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை. பிரியந்தனின் தம்பியைத் தை மாதம் வவுனியாவில் வெள்ளை வான் வண்டியில் வந்து பிடித்துக்கொண்டு போனார்களே, அது சம்பந்தமாக அக்கா முறைப்பாடு செய்த பத்திரங்கள் சொலிசிற்றரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இவற்றை வைத்துப் புதிதாக வழக்குப் போடலாம் என்கிறார். ஆனால் பிரியந்தன் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். ஏப்ரல் இருபதாம் திகதிக்குள் குரோய்டனுக்கும் தானாகப் போய் நிற்க வேண்டும். அவர்களாகப் பிடித்தால் முதலில் விமானம், பிறகுதான் வழக்கு என்று சொல்கிறார்.

அவன் உயிரோடு இருக்கிறானா என்றே எனக்குத் தெரியாது.

நீங்கள் இனித் தேடவேண்டாம் மச்சாள். நீங்கள் தேடினால் அவன் இன்னும் தூரம் ஓடுவான்.

நிர்மலா


கிங்ஸ்பரி
12.04.2007

அன்புள்ள நிர்மலா,

இதைத் தபாலில் போடவில்லை. நானே 183 பஸ்ஸில் வந்து உங்கள் கதவுத் துவாரத்தால் போடுகிறேன். மணி அடிக்கமாட்டேன். தவராசா வீட்டில் இருக்கும் நேரமாக இருந்தால் சங்கடம்.

பிரியந்தன் என்னிடம் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

பெரிய வியாழன் மாலை, பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கையில் கதவில் விரலால் தட்டும் சத்தம் கேட்டது. திறக்கவில்லை. யார் என்றேன். "மாமி, நான்தான்" என்றான். ரெலிபோனில் பேசாமல் மூச்சு விட்டதும் அவன்தான். என் குரலைக் கேட்டதும் பயந்து வைத்துவிடுவானாம். முதலில் ஒரு கடைக்கு மேலே சிநேகிதனோடு இருந்திருக்கிறான். யாரோ ஒரு மனுசி அவனைப் பெயர் சொல்லித் தேடுகிறா என்று கேள்விப்பட்டதும், சிநேகிதன் பயந்து அவனை வெளியேற்றிவிட்டான். அந்த மனுசி யார் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறகு பஸ்களில் இருந்து கொண்டே நாளைக் கழித்திருக்கிறான். கால் வீங்கியிருந்தது. சரியான இருமல்.

சாப்பிட்ட பிறகு கேட்டேன், இத்தனை வீடுகள் இருக்க ஏன் இங்கே வந்தாய் என்று.

"உங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டினம், மாமி. உங்களைக் கண்டால் எல்லாருக்கும் பயம்."

"நீயும் பயந்தனிதானே?"

"ஓம். இப்பவும் பயம்தான்."

இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

என் வீட்டைப்பற்றி உமக்குத் தெரியும். முதியவருக்கென்று கவுன்சில் கட்டிய கட்டடம். ஓர் அறை. வேறு ஆள் தங்கக் கூடாது. விருந்தாளி ஓர் இரவு தங்கினாலும் கட்டடத்தைப் பார்க்கும் வார்டனிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கிழமை நாட்களில் காலையில் வார்டன் சுவரிலுள்ள பெட்டி வழியாகப் பேசி, சுகமாக இருக்கிறேனா என்று கேட்பா. ஈஸ்டர் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை அவ பேசிக்கொண்டிருக்கும்போது பிரியந்தன் இருமிவிட்டான். யாராவது உங்களோடு இருக்கிறார்களா, மிஸிஸ் செல்வரத்தினம், என்று கேட்டா. இல்லை, நான் தனியே இருக்கிறேன், அது றேடியோ என்றேன். நல்ல ஆங்கிலத்தில், தடுமாறாமல் சொன்னேன்.

உம்முடைய அண்ணை நினைத்தது பிழை. எனக்கு அது ஏலும். அவ்வளவு கஷ்டமாகவும் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் றேடியோவைப் போட்டேன். ஒவ்வொரு காலையும் அந்தப் பெட்டி பேசுமுன் நான் எழும்பி அதன் முன்னால் நிற்கிறேன். அவன் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் நிற்கிறான்.

இந்த ஈஸ்டருக்கு நான் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. அவனை ஒளித்து வைத்துக்கொண்டு, இனிச் செய்யமாட்டேன் என்று சொல்ல முடியாததைக் கொண்டுபோய் குருவானவரிடம் வைப்பது முறையல்ல. நற்கருணை எடுக்காமல் வாங்கிலேயே இருந்தேன். டொலறஸ் திரும்பிப் பார்த்தா. நாளைக்கு அதற்கும் ஒரு கதை வரும். வரட்டும்.

நேற்று நானும் அவனும் சொலிசிற்றரிடம் போனோம். ரயிலில் அவன் ஒரு பெட்டியில், நான் அடுத்த பெட்டியில். பத்திரங்களில் கையெழுத்திட்டான். தம்பியின் படத்தைக் கண்டதும் பேனையை வைத்துவிட்டு அந்தப் படத்தை ஓரமாகக் கவிழ்த்து வைத்தான். பிறகு மற்றத் தாள்களிலும் கையெழுத்து வைத்தான். இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை காலை குரோய்டனுக்குப் போவது என்று முடிவாகியிருக்கிறது. நானும் போகிறேன். உள்ளே விடாவிட்டால் வெளியே நிற்பேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அவன் தானாக வந்து நிற்கிறான் என்பது மட்டும் போதாது என்று சொலிசிற்றர் சொல்கிறார். இவ்வளவு காலமும் எங்கே இருந்தான், இனி எங்கே இருப்பான் என்பதை ஒரு வீட்டுக்காரர் பெயர், விலாசம், கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அன்றைக்கே அங்கேயே பிடித்து மறித்து வைத்துவிடக்கூடும். என் வீட்டு விலாசத்தைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் வார்டனிடம் சொன்னது வெளியே வரும். நான் வீட்டை இழப்பேன், அவனுக்கும் அது உதவாது. உங்கள் விலாசம் ஒன்றுதான் இருக்கிறது.

தவராசாவின் விண்ணப்பத்துக்கு இதனால் இடைஞ்சல் வருமா என்று நான் கேட்டேன். வராது என்றே நினைப்பதாகச் சொன்னார். அதை எழுத்தில் தரமுடியுமா என்றேன். அப்படி எழுத முடியாது என்றார். ஆகவே நானும் உமக்கு இடைஞ்சல் வராது என்று எழுதவில்லை. வரலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. அவனைத் தனியே விட மனம் வரவில்லை. படிப்பை விடப்போவதில்லை. எனக்குச் சுகமில்லை என்று ஆசிரியைக்கு அறிவித்திருக்கிறேன். பாரும், இரண்டாவது பொய் முதலாவதிலும் சுலபமாக வருகிறது.

இந்தக் கடிதத்தை தவராசாவிடம் மறைக்க வேண்டாம். அவரும் வாசிக்கட்டும். எழுத விருப்பமென்றால், பிரியந்தன் எப்போதிலிருந்து உங்களோடு இருந்தான், வீட்டில் நீங்கள் எத்தனை பேர் என்பதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள். விருப்பமில்லையென்றால், இல்லை என்று எழுதுங்கள். நான் கோபிக்கமாட்டேன். அப்போது அவனுக்கு நான் சொல்ல வேண்டியதை யோசிக்க எனக்கு ஒரு நாளாவது வேண்டும்.

புதன்கிழமைக்குள் எனக்கு எழுத்தில் பதில் தாரும்.

மேரிறோஸ் செல்வரத்தினம்